கல்லின் யாப்பும் நம் கடனும்

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் முதலும் கருவும் உரியும் வகுத்துக் கண்ட இனம் தமிழினம். மலையைப் பாடியதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. மலைபடு பொருள்களையும் ஆராய்ந்து வகைப்படுத்தினர். மதுரை மாநகரின் மணிக்கடைத் தெருவில் விற்கப்பட்ட ஒன்பது மணிகளின் இனமும் குணமும் குற்றமும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் முறைப்பட அமைந்துள்ளன. இன்று உலகப் புவியியலார் ‘கொரண்டம்’ என வழங்கும் கனிமத்தின் பெயரே ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச்சொல்லின் வழிவந்தது என்பர் அகராதியார். இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், நம் காலத்தில் உலக அரசுகள் போட்டியிட்டுத் தேடுகின்ற கனிமங்களைப் பற்றித் தமிழில் தெளிவாக ஒரு பக்கம் எழுத இயலாமல் தடுமாறுகிறோம் என்றால், அது எண்ணிப்பார்க்கத் தக்கதன்றோ?

2025 ஏப்ரல் திங்களில் சீன அரசு ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆகும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகள் காந்தமின்றித் திகைத்தன. அந்நாள்களில் நம் நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் ‘அரிய மண்’, ‘அரிய வகைக் கனிமம்’, ‘அபூர்வ தாது’, ‘அரிய உலோகம்’ என்று ஒன்றனையே பலவாறு கூறின. தனிமம் வேறு, கனிமம் வேறு, பாறை வேறு, தாது வேறு. கனிமத்துள் உறைவது தனிமம். கனிமங்கள் பல கூடியது பாறை. இலாபகரமாகப் பிரித்தெடுக்கத்தக்க கனிமமே தாது. இந்நான்கனையும் ஒன்றாகக் குழைத்துப் படித்தவர்க்கு, எங்கோ ஓரிடத்தில் ஒருவகை மண்ணை வாரி விற்கிறார்கள் என்ற எண்ணமன்றி வேறென்ன தோன்றும்?

ஆகவே, அவ்வருமண் தனிமங்கள் தங்கியிருக்கும் முதன்மையான கனிமக் குடும்பமாகிய அருமண் கார்பனேட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இயல்பும் அமைப்பும் தமிழில் சொல்லத்தக்கனவே என்பதனையும், அவ்வாறு சொல்வது தமிழ்த்துறையாகிய நமக்கும் உரிய கடன் என்பதனையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெயரால் வந்த மயக்கம்

சுவீடன் நாட்டில் இட்டர்பி என்றொரு சிற்றூர். அங்கிருந்த கற்சுரங்கத்தில் 1787-இல் அர்ரேனியஸ் என்னும் படை அலுவலர் கரியதொரு கல்லைக் கண்டெடுத்தார். அதனைப் பகுத்தாய்ந்த பின்லாந்து வேதியியலார் கடோலின், 1794-இல் அதனுள் புதியதொரு ‘மண்’ இருப்பதை அறிவித்தார். எளிதில் உருகாத, நீரில் கரையாத ஆக்சைடுகளை ‘மண்’ என்று குறிப்பது அக்கால வேதியியல் வழக்கு. கிடைப்பது அரிது எனக் கருதியமையால் ‘அரிய’ என்னும் அடையும் சேர்ந்தது. அப்பெயரே ‘அருமண்’ எனத் தமிழில் நிலைத்தது.

உண்மையில் இவை மண்ணும் அல்ல. அத்துணை அரியனவும் அல்ல. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான பதினைந்தும், இட்ரியமும் ஸ்காண்டியமும் ஆகப் பதினேழு உலோகத் தனிமங்களே அருமண் குழுவினர். இவற்றுள் சீரியம் என்பது புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு விரவியுள்ளது. அரிதாவது யாதெனின், அவை ஓரிடத்தில் செறிந்து கிடைப்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுப்பதுமே. பதினேழும் ஏறத்தாழ ஒரே குணமுடையன; ஒரே கருவறையில் பிறந்த உடன்பிறப்புகள் போல்வன. அவற்றைக் கண்டறிந்தோர் பட்ட பாட்டினைப் பெயர்களே சொல்லும். லாந்தனம் என்றால் ‘மறைந்திருப்பது’. டிஸ்புரோசியம் என்றால் ‘அடைதற்கு அரியது’. நியோடிமியம் என்றால் ‘புதிய இரட்டை’. இவை கிரேக்கச் சொற்களின் பொருள்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. இட்டர்பி என்னும் அச்சிற்றூரின் பெயரால் இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என நான்கு தனிமங்கள் வழங்குகின்றன. நம் நாட்டிலோ, சென்னைக்கு அருகேயுள்ள பல்லாவரத்தில் கிடைக்கும் பாறைக்கு ஹாலண்ட் என்னும் புவியியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘சார்னோக்கைட்’ எனப் பெயரிட்டார். கல்கத்தாவில் அடக்கமாகியுள்ள ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிக முகவரின் கல்லறைக்கல் அப்பாறையால் ஆனது என்பதே காரணம். கல் நம்முடையது, பெயர் அவர்களுடையது. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. ஆராய்ந்தவன் பெயரிடுகிறான், ஆராயாதவன் அப்பெயரை மனப்பாடம் செய்கிறான்.

கரிமம் கலந்த கல்

சுண்ணாம்புக்கல்லை அறியாதார் இல்லை. சிப்பியும் முட்டையோடும் அதே பொருளால் ஆனவை. அது கால்சியம் கார்பனேட்டு. கரிமம் ஒன்று நடுவில் இருக்க, மூன்று மூலைகளிலும் உயிர்வளி அணுக்கள் நிற்கும் தட்டையான முக்கோணமே கார்பனேட்டு. கால்சியம் நிற்கும் இடத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள் வந்து, உடன் புளோரினும் கூடினால் அது பாஸ்ட்னசைட் என்னும் கனிமமாகிறது. சுவீடனின் பாஸ்ட்னாஸ் சுரங்கத்தில் முதலில் அறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது.

தேன்நிறம் முதல் செம்பழுப்பு வரை பல சாயல்களில் இது காணப்படும். கண்ணாடி போன்றும், சிலபோது எண்ணெய் தடவியது போன்றும் மிளிரும். மோஸ் என்பாரின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் இடம் 4-க்கும் 4.5-க்கும் இடைப்பட்டது, நகத்தால் கீற முடியாது, எஃகுக் கத்தியால் கீறலாம். நம் வயல்களில் கிடக்கும் வெங்கச்சங்கல்லின் ஒப்படர்த்தி 2.65, பாஸ்ட்னசைட்டின் ஒப்படர்த்தியோ ஏறத்தாழ 5. ஒரே பருமனுள்ள இரு கற்களைக் கையில் ஏந்தினால் இது அதனினும் ஏறத்தாழ இருமடங்கு கனக்கும். கல்லின் கனத்தைக் கொண்டு அதன் இனத்தை அறியும் இம்முறை இன்று நேற்று வந்ததன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி, மூக்குடைய கலத்தில் நீர் நிரப்பி, அதனுள் மணியை இட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, மணிகளின் ஒப்படர்த்தியை வியத்தகு நுட்பத்தோடு கணித்தார்.

சுண்ணாம்புக்கல்லின் மேல் நீர்த்த அமிலத்தை விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். பாஸ்ட்னசைட் மெல்லவே கரையும், சூடும் வேண்டும். சுண்ணாம்புக் காளவாயில் கல்லைச் சுட்டால் கரியமிலவாயு நீங்கி நீறாவது போல, பாஸ்ட்னசைட்டும் ஏறத்தாழ 500 பாகை வெப்பத்தில் கரியமிலவாயுவை இழந்து இளகிய இயல்பு பெறுகிறது. அப்போது காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்றுச் சீரியம் மட்டும் வேறு நிலையை அடைகிறது. பின்னர் அமிலத்தில் இட்டால் ஏனையவை கரைய, சீரியத்தின் பெரும்பகுதி கரையாமல் அடியில் தங்கும். பிரித்தற்கு அரிய பதினேழு பேரில் ஒருவரைப் பிரிக்கும் முதல் வழி இக்காளவாய் நுட்பமே.

கல்லுக்குள் ஒரு யாப்பு

இக்குடும்பத்தில் பாஸ்ட்னசைட் தனித்து இல்லை. பாரிசைட், ரான்ட்கெனைட், சிங்க்கிசைட் என்னும் மூன்று உறவினர் உண்டு. இந்நான்கும் புறத்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். ‘சிங்க்கிசைட்’ என்ற பெயருக்கே கிரேக்கத்தில் ‘குழப்பம்’ என்பது பொருள். முதலில் அதனைப் பாரிசைட் என்று மயங்கினர் என்பதே பெயர்க்காரணம். இம்மயக்கத்தை ஊடுகதிர் ஆய்வினால் தெளிவித்தவர்கள் டானே இணையர். கணவனும் மனைவியுமாக அவர்கள் எழுதிய ஆய்வு 1953-இல் வெளிவந்தது. அவர்கள் கண்ட உண்மை, யாப்பிலக்கணம் பயின்ற தமிழ் மாணவர்க்கு எளிதிற் புரிவது.

செய்யுளில் அசை நேர், நிரை என இரண்டே. நேரினும் நிரை நீண்டது. இவ்விரண்டும் அடுக்கும் முறையால் வெவ்வேறு சீர்கள் பிறக்கின்றன. இக்கனிமங்களிலும் அடிப்படை அடுக்குகள் இரண்டே. சீரியமும் புளோரினும் சேர்ந்த தகடும் கார்பனேட்டுத் தகடும் கொண்டது முதலாவது. அதனை நேர் என்போம். அத்துடன் கால்சியமும் மற்றுமொரு கார்பனேட்டும் கூடி நீண்டது இரண்டாவது. அதனை நிரை என்போம். நேரும் நேருமாகவே அடுக்கினால் தேமா, அதுவே பாஸ்ட்னசைட். நிரையும் நிரையுமாகவே அடுக்கினால் கருவிளம், அதுவே சிங்க்கிசைட். நேரும் நிரையும் மாறிமாறி வந்தால் கூவிளம், அதுவே பாரிசைட். நேரின்பின் நிரை இரண்டு தொடர்ந்தால் கூவிளங்கனி, அதுவே ரான்ட்கெனைட். நான்கு கனிமங்களுக்கும் இவ்வளவே வேறுபாடு.

சுண்ணாம்புக் கனிமத்தில் கார்பனேட்டு முக்கோணங்கள் பாய் விரித்தாற்போல் அடுக்குக்கு இணையாகப் படுத்திருக்கும். இக்குடும்பத்திலோ அவை அடுக்குக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும். இன்னும் ஒரு நுட்பம்: இயற்கையில் ஒரே படிகத்துள்ளேயே சிறிது தொலைவு பாரிசைட்டாகவும் அப்பால் சிங்க்கிசைட்டாகவும் சீர் மாறி வருதல் உண்டு. கண்ணுக்கு ஒரே கல். உள்ளே ஓசை வேறு. கால்சிய அடுக்கு மிகுமளவுக்கு அருமண்ணின் பங்கு குறைவதால், எந்தச் சீர் எவ்வளவு என்று அறியாமல் ஒரு கல்லின் மதிப்பைக் கூற முடியாது.

இதனைச் சொல்ல நமக்கு ஆங்கிலத் தொடர் ஒன்றேனும் தேவைப்பட்டதா? இல்லை. ‘அறிவியல் தமிழில் வராது’ என்பார்க்கு இதனினும் விடை வேண்டுமோ?

மேற்கே செல்லும் சாலை

இக்கனிமங்கள் பெரும்பாலும் கார்போனடைட் என்னும் பாறையோடு தொடர்புடையவை. சுண்ணாம்புப் பாறை நீரடியில் படிந்து உருவாவது. கார்போனடைட்டோ நிலத்தின் ஆழத்திலிருந்து தீக்குழம்பாக எழுந்து உறைந்தது. கார்பனேட்டு குழம்பாக உருகி வருமா என அறிஞரிடையே நெடுநாள் வழக்கு இருந்தது. தான்சானியாவின் ஒல்டோய்ன்யோ லெங்காய் எரிமலை 1960-இல் அத்தகைய குழம்பைக் கக்கக் கண்டபின் ஐயம் பெரிதும் நீங்கிற்று. கலிபோர்னியாவில் 1949-இல் கண்டறியப்பட்ட மவுண்டன் பாஸ் படிவும், சீனாவின் உள் மங்கோலியாவிலுள்ள பயான் ஓபோ படிவும் பாஸ்ட்னசைட்டால் பெயர்பெற்றவை. நம் நாட்டில் குஜராத்தின் அம்பாடோங்கரில் கார்போனடைட் இருப்பதை 1963-இல் சுகேஷ்வாலா, உதாஸ் ஆகிய ஆய்வாளர் வெளியிட்டனர். அங்குப் பாஸ்ட்னசைட்டும் அதன் உறவினங்களும் உள்ளன. இராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்துக் கம்தாயிலும் அவை காணப்படுகின்றன.

இவையெல்லாம் தொலைவிடங்கள் என்று எண்ண வேண்டா. கீழ்பென்னாத்தூர் வழியே செல்லும் திண்டிவனம் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் பேருந்தில் அமர்ந்தால் திருவண்ணாமலை, செங்கம் கடந்து ஊத்தங்கரை வரும். அதற்கு அணித்தே சாமல்பட்டி. அங்கும், திருப்பத்தூருக்கு அருகேயுள்ள செவ்வாத்தூரிலும் கார்போனடைட் பாறைகள் உள்ளன. சாமல்பட்டியை அடுத்த ஜோகிப்பட்டியில் பேரியமும் கால்சியமும் மக்னீசியமும் கலந்த பென்ஸ்டோனைட் என்னும் அரிய கார்பனேட்டுக் கனிமம் இருப்பதை 1971-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அது அருமண் கனிமமன்று. எனினும் அதே குழம்பின் வழிவந்த உறவினம். இங்கெல்லாம் பெருஞ்சுரங்கம் அமையும் என்பது நம் கருத்தன்று. உலகப் புவியியலார் தேடிவந்து ஆராயும் பாறைகள் நம் பேருந்துச் சாலையோரத்தில் இருக்க, நம் மாணவர் அவற்றின் பெயரும் அறியாது கடந்து செல்கின்றனர் என்பதே நம் ஆதங்கம். மின்சார இருசக்கர வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகள் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிற்கின்றன. அவ்வண்டிகளின் இயக்கிகளுக்குரிய நியோடிமியக் காந்தமோ பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது.

கடற்கரையில் நம்மிடம் உள்ள அருமண் கனிமம் மோனசைட். இது கார்பனேட்டன்று, பாஸ்பேட்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் இதனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் இதிலிருந்து எடுத்த தோரியமும் சிறிதளவு சீரியமும் வாயு விளக்கு வலைகளுக்குப் பயன்பட்டன. நம் ஊர்த் திருமணப் பந்தலிலும் திருவிழா ஊர்வலத்திலும் ஒளிவீசிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலை அவ்வகையினதே. ஆக, அருமண் நம் வீட்டு வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டது. இந்தியாவின் அருமண் நிறுவனம் 1950-இல் தோன்றியது. அதன் மணவாளக்குறிச்சி ஆலை நம் மாநிலத்தில் உள்ளது.

பாஸ்பேட்டின் பிடி இறுகியது. அதனைத் தகர்க்கக் கடுங்காரமோ கடும் அமிலமோ வேண்டும். கார்பனேட்டின் பிடி இளகியது. மோனசைட்டில் கதிர்வீச்சுடைய தோரியம் மிகுதி. ஆதலின் அது அணுசக்திச் சட்டங்களின் காவலில் உள்ளது. பாஸ்ட்னசைட்டில் பொதுவாகத் தோரியம் குறைவு. உலகம் கார்பனேட்டுக் கனிமங்களை நாடுவதன் காரணம் இதனால் விளங்கும். ஆயினும் அவையும் தீங்கற்றவை அல்ல. சுடும்போது புளோரின் ஆவி எழக்கூடும். கழிவில் எஞ்சிய தோரியமும் அமிலமும் தங்கும். மவுண்டன் பாஸில் 1990-களில் கழிவுநீர்க் குழாய் கசிந்தது. 2002-இல் சுரங்கப்பணி நின்று, பல ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் தொடங்கியது.

அறியாதவர் குரல் எடுபடாது

இங்கேதான் மொழி உயிர்ப்பிரச்சினையாகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, திட்டச் சுருக்கத்தை மக்கள் மொழியிலும் தந்து கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வழி செய்தது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களை அக்கருத்துக்கேட்பிலிருந்து விலக்கிக் குறிப்பாணை வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசு அதனை எதிர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் அருமண் காந்தங்களை உள்நாட்டிலேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒருபுறம் தேவை வளர்கிறது. மறுபுறம் மக்கள் கேள்வி கேட்கும் கதவு குறுகுகிறது.

கன்னியாகுமரி மாவட்டக் கிள்ளியூர்ப் பகுதியில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். எதிர்ப்பவர்க்கும் ஆதரிப்பவர்க்கும் ஒன்று கூறுவோம். மண்ணில் என்ன உள்ளது, அதில் தோரியம் எவ்வளவு, கழிவு எங்குச் செல்லும், பிரித்தெடுத்த பின் மீளும் மணல் எத்தகையது என்று தம் மொழியில் கேட்கத் தெரிந்தவன் கேள்விக்கு அதிகாரி விடை சொல்லியே தீரவேண்டும். கேட்கத் தெரியாதவன் கூக்குரலிடலாம். அது கோப்பில் ஏறாது. வேலைவாய்ப்பு வருமாயின், அதனைப் பெறுதற்கும் அறிவே தகுதி. இருவழியிலும் அறியாமை நமக்கு இழப்பே.

சிலர் கூறுவர்: ‘அறிவியலை ஆங்கிலத்தில் படித்தால் போதும், தமிழாசிரியர்க்கு இலக்கியமே வேலை’ என்று. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து உழவர் குடும்பங்களிலிருந்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகளை நாளும் காண்பவர்கள் நாம். பள்ளியில் தமிழ்வழி பயின்ற அவர்கள், கல்லூரியில் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுத் தேர்வெழுதி மறக்கின்றனர். புரியாமல் கற்றது கல்வியாகாது. ஆங்கிலம் வேண்டா என்பதன்று நம் வாதம். தாய்மொழியில் ஒருமுறை தெளிந்தவன் பிறமொழியில் விரைந்து ஏறுவான் என்பதே.

மற்றும் சிலர், கனிமப் பெயர் அனைத்தையும் தனித்தமிழாக்கினால் கடமை முடிந்தது என்பர். பாரிசைட் என்பது ஓர் ஆளின் பெயரால் வந்தது. பாஸ்ட்னசைட் ஊரின் பெயரால் வந்தது. ஆளையும் ஊரையும் மொழிபெயர்ப்பதில்லை. அவற்றை நம் எழுத்தில் ஒரே முறையாக எழுதுவது போதும். ஆனால் அடுக்கு, படிகம், பிளவு, மிளிர்வு, ஒப்படர்த்தி முதலிய கருத்துச் சொற்கள் தமிழில் நிற்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, பொருளை உணர்ந்து விளக்கும் உரைநடை வேண்டும். கலைச்சொற் பட்டியல் அகராதியில் உறங்கும். உரைநடையே அதனை எழுப்பும்.

நாம் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் ஆண்டுக்கொரு முறையேனும் கூடியமர்ந்து, நம் மாவட்டப் பாறைகளையும் கனிமங்களையும் பற்றி எளிய கையேடு ஒன்றை உருவாக்குதல். இரண்டாவது, கிணறு வெட்டுவோரும் கல்லுடைப்போரும் வழங்கும் சொற்களை மாணவர் ஊர்தோறும் சென்று திரட்டுதல். வெங்கச்சங்கல், சுக்கான்பாறை, காக்காய்ப்பொன் என அவர் நாவில் வாழும் சொற்கள் எத்தனையோ. அவற்றை இழந்தால் மீட்க வழியில்லை. மூன்றாவது, பட்ட ஆய்வுகளில் ஒன்றிரண்டேனும் அறிவியல் தமிழ் உரைநடை பற்றி அமைதல். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. கல்வியை அறமாகக் கருதி இத்தகு நிறுவனங்களை எழுப்பிய நம் சமுதாயப் பெரியோர், ஒரு சிறு கையேட்டின் அச்சுச் செலவை ஏற்க முன்வருவார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அணுக்கள் இரண்டு அடுக்குகளாய் நின்று நால்வகைச் சீர் பாடும் கல்லைப் படைப்பு நம் காலடியில் வைத்திருக்கிறது. அதன் ஓசையைக் கேட்கும் செவி தமிழுக்கு உண்டு. யாப்பைக் கற்ற மாணவச் செல்வங்கள் அக்கல்லையும் கற்று, கற்றதைத் தம் ஊராருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் நாள் விரைந்து வருக!